நான்கு போன்களும் ஒரு மழையும்

காலை பத்து மணிக்கு என் பெண்டாட்டியை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டுப் போட்டேன். சாவியைச் சாரத்து மடிப்பில் சொருகிக்கொண்டு, வேலைக்கும் போகாமல் வாசலில் குந்தினேன். பார்க்கிறவர்கள் உதயராஜுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். பூட்டச் சொன்னதே சுதர்ஷினிதான். ஒட்டி ஒட்டி வீடுகள் கட்டிய எங்கள் தோட்டத்து லயத்தில் கதவைத் தட்டும் பழக்கம் யாருக்கும் கிடையாது. கொஞ்சம் சீனி வேண்டுமென்றால் நேரே அடுப்படியில் வந்து நிற்பார்கள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு தலை தெரிந்தால் போதும், கிடைக்கப்போகிற வேலை கிடைக்காது.

கொழும்பில் இருக்கிற ஒரு கொம்பனியின் வேலை அது. ஆஸ்பத்திரியில் தமிழ் நோயாளிக்குச் சிங்களம் தெரியாது, டொக்டருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் ஒருவர் வீடியோவில் உட்கார்ந்து இரண்டு பேர் பேச்சையும் மாற்றிச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். சுதா ருவான்வெல்லை பசாரில் மருந்துக்கடையில் ஐந்து வருஷம் நின்றவள். சிங்களம் சரளம், நோயும் மருந்தும் அத்துப்படி. பரீட்சை வைத்தவர்களுக்கு அவள் பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. குறை எங்கள் இன்டர்நெட்டில்தான். போன செவ்வாய்க்கிழமை பரீட்சை நடுவில் மூன்று தடவை அறுந்தது. இன்னொரு வாய்ப்புத் தருகிறோம், இந்தத் தடவை ஒருமுறை அறுந்தாலும் அதோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். வேறு நல்ல சிக்னல் உள்ள வீட்டில் போய் உட்காரவும் விடமாட்டார்கள். எந்த அறையில் வேலை செய்யப்போகிறாளோ அந்த அறையிலிருந்தே பேசிக் காட்ட வேண்டும்.

இது தவறினால் திங்கட்கிழமை அவள் கேகாலைக்குப் போய் ஏஜென்ஸியில் கையெழுத்துப் போடுவாள். குவைத்தில் வீட்டு வேலை, இரண்டு வருஷம். மெடிக்கல்கூட முடிந்துவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை போய் வந்தவள்தான். திரும்பி வந்த அன்று எங்கள் மகள் லோஜினி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்த அன்ட்டி எப்ப போவாங்க?" என்று கேட்டாள். சுதா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போனாள். போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. இப்போது லோஜினிக்கு எட்டு வயது. இன்னொரு தடவை சுதாவை அனுப்ப எனக்கு மனசில்லை. அதை வாய் திறந்து சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. நான் ரப்பர் வெட்டிக் கொண்டுவருகிறது வீட்டுக்குக் காணும் என்றால் அவள் ஏன் போகிறாள்?

நான்கு போனை வைத்து இன்டர்நெட் எடுக்கிற யோசனை பசாரில் போன் திருத்தும் மஷூருடையது. எங்கள் லயம் மலை மடிப்புக்குள் கிடக்கிறது. ஒரு சிம் ஜன்னலில் எடுத்தால் இன்னொன்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில்தான் எடுக்கும். எதுவும் நிலையாக நிற்காது. மஷூர் லெப்டொப்பில் ஒரு புரோகிராமைப் போட்டுத் தந்தான். நான்கு போனின் ஹொட்ஸ்பொட்டையும் அது ஒரே நேரத்தில் பிடித்து, ஒரே பேச்சை நான்கு வழியாலும் அனுப்பும். ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும், பயப்படாதே என்றான். லெப்டொப் தானாக ஒரு வைஃபையைத்தான் பிடிக்கும் என்று, பக்கத்தில் குத்துகிற சின்ன வைஃபை குச்சிகள் மூன்றும் கொடுத்தான்.

என்னுடைய போன் ஒன்று. மற்ற மூன்றும் லயத்தில் இரவல். இராஜம் அக்காவின் போனைக் கக்கூஸ் சுவர் மேலே வைத்தேன். விஜயகலாவின் போனைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பலாமரக் கவட்டில் கட்டினேன். அழகம்மாவின் போன் பீலிச் சுவரில். என்னுடையது ஜன்னலில். போன செவ்வாய்க்கிழமை என்னைக் கவிழ்த்த சனியன் அதுதான். தனியாக விட்டால் ஐந்து நிமிஷம் தாங்காது. முதல் நாள் ஒத்திகை பார்த்தோம். நடுவில் விஜயகலாவின் அம்மா அவளுக்கு அழைப்பெடுத்தாள். இரவல் வாங்கிய மூன்றும் பழைய போன், மணி அடிக்கும்போது டேட்டா நின்றுவிடும். லெப்டொப்பின் மூலையில் தெரிகிற நான்கு கோட்டில் ஒன்று சிவந்தது, இருபது செக்கன் கழித்து மறுபடி பச்சையானது. மற்ற மூன்றும் அசையவில்லை. சுதாவுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை. நான் மஷூரின் வாய்க்குச் சீனி போட வேண்டும் என்று சொன்னேன்.

ஆக, பத்து மணிக்குப் பரீட்சை தொடங்கியது. பதினொன்றரை வரை. காலை நேரத்தைக் கேட்டு வாங்கியதும் நாங்கள்தான். எங்கள் பக்கம் மழை பின்னேரம்தான் வரும். ஜன்னல் பலகை இடுக்கால் அந்த நான்கு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கும் பச்சை. உள்ளே கொழும்பிலிருந்து ஒரு மேடம் டொக்டர் மாதிரிச் சிங்களத்தில் கேட்க, இன்னொரு பெண் நோயாளி மாதிரித் தமிழில் சொல்ல, சுதாவின் குரல் இரண்டுக்கும் நடுவில் நிதானமாகப் போய் வந்துகொண்டிருந்தது. நெஞ்சுவலி எப்போது தொடங்கியது, எந்தக் கைக்குப் பரவுகிறது என்று கேட்டார்கள். நெஞ்சுவலி எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

பத்து முப்பத்தைந்துக்கு வாசல் வெளிச்சம் மங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். ரப்பர் வெட்டுகிற நாலாம் நம்பர் மலைக்குப் பின்னால் வானம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. காலை பத்தரைக்கு மழை. முதலில் வந்த யோசனை போனெல்லாம் நனையுமே என்பதுதான். பையில் கட்டியிருக்கிறோம், பரவாயில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் மண்டையில் உறைத்தது.

ரிங் கட்.

மழை வந்தால் மரத்தில் கட்டிய சிரட்டையில் வடிந்திருக்கிற ரப்பர்ப் பால் அத்தனையும் தண்ணீரோடு வழிந்து போகும். முந்நூறு மரத்துப் பாலை ஓர் ஆள் ஓடி எடுத்து முடிக்க முடியாது. அதனால் வானம் இருட்டினதும் மலையில் நிற்கிற ஆம்பிளைகள் வீட்டுக்கு ஒரு ரிங் கட் கொடுப்பார்கள். எடுத்துப் பேசுகிற வழக்கமில்லை. மணி அடித்தால் வீட்டுப் பொம்பிளை வாளியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓட வேண்டும். ஆள் வரவில்லையென்றால் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருப்பார்கள். பதினைந்து வருஷமாக நானே கொடுத்த ரிங் கட். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்றானே மஷூர், அவன் பசார்க்காரன். மழைக்கு மூன்று போனும் ஒரே நிமிஷத்தில் விழும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரவல் வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் விழுந்தால் மிச்சம் ஜன்னலில் இருக்கிற அந்தச் சனியன் மட்டும்தான்.

போனை அணைத்தால் டேட்டாவும் போகும். அழைப்பை மட்டும் தடுக்கிற வித்தை எனக்குத் தெரியாது. ஒரே வழி, மணி அடிப்பதற்கு முன்னால் பொம்பிளைகள் மலையில் நிற்க வேண்டும். ஆளைக் கண்ணால் கண்டுவிட்டால் யார் ரிங் கட் கொடுப்பான்?

அழகம்மாவின் வாசலில் மூன்று பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். இராஜம் அக்கா வானத்தை நிதானமாகப் பார்த்தாள். அது மற்றப் பக்கம் போகிற மழை, அடுப்பில் சோறு கிடக்கிறது, கன்னையா மணி அடித்தால் போகலாம் என்றாள். கன்னையா அவள் புருஷன். சாதாரண நாளாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று தோட்டத்துக்கே தெரியும். அன்றைக்கு என் குரல் உடைந்துவிட்டது.

"அக்கா, அவரு மணி அடிச்சா சுதா போயிடுவாக்கா. குவைத்துக்குப் போயிடுவா."

இராஜம் அக்கா மடியில் இருந்த கீரையை முறத்தில் கொட்டிவிட்டு எழுந்து வாளியை எடுத்தாள். விஜயகலாதான் தயங்கினாள். எந்தப் பக்கத்து மரத்தில் தன் புருஷன் நிற்கிறார் என்று கேட்க வேண்டும், போனை ஒரு நிமிஷம் கழற்றித் தாருங்கள் என்றாள். அவளுடைய போனைத் தர மாட்டேன் என்று அவளிடமே சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நாலாம் நம்பரில் மேல் வரிசையாகத்தான் இருக்கும், போய்க் கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். அழகம்மாவுக்கு முழங்கால் வீக்கம். மகனின் மரம் எல்லாவற்றிலும் தூரத்தில் இருக்கிறது. அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.

மேலே ஏறப் பத்து நிமிஷமாவது பிடிக்கும். நான் ஜன்னல் இடுக்குக்கு ஓடி வந்தேன். நான்கும் பச்சை. காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. பலாமரக் கவட்டில் பொலித்தீன் பை படபடத்தது. ஐந்து நிமிஷம் போயிருக்கும், பீலிச் சுவரில் அழகம்மாவின் போன் அடித்தது. ஒரு கோடு சிவந்தது. அது பச்சையாவதற்குள் கக்கூஸ் சுவரில் இராஜம் அக்காவின் போன். இரண்டாவதும் சிவந்தது. உள்ளே சுதா மருந்தை எத்தனை வேளை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், குரலில் ஒரு தடங்கலும் இல்லை. நான் பலாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்காதே, அடிக்காதே என்று வாய்விட்டே சொன்னேன். அழகம்மாவின் போன் இரண்டாம் தடவையும் அடித்து ஓய்ந்தது. அப்புறம் மலையிலிருந்து ஒரு கூவல் கேட்டது, இராஜம் அக்காவின் கூவல். அதற்குப் பதில் ஓர் ஆம்பிளைக் குரல். பலாமரம் அடிக்கவே இல்லை. சிவந்திருந்த கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதோடு தப்பினோம் என்று நினைத்தேன். அப்போதுதான் மழை தகரத்தில் விழுந்தது.

எங்கள் லயத்துக் கூரை வெறும் தகரம். உள்ளே சீலிங் என்று ஒன்று கிடையாது. பெருமழை அடித்தால் பக்கத்தில் படுத்திருக்கிறவள் பேசுகிறதே காதில் விழாது. நான்கு கோடும் பச்சையாக, அத்தனை அழகாக நின்றன. சுதாவின் வாய் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. அவள் லெப்டொப்பின் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, மறுபடி சொல்லுங்கள் என்று சிங்களத்தில் கத்துவது மட்டும் இலேசாகக் கேட்டது. இரண்டு தடவை கத்தினாள். நான்கு போனுக்கு இடம் தேடி நாலு நாள் அலைந்த மடையன், ஒரு தடவை தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்கவில்லை.

தகரத்தை எதையாவது போட்டு மூட வேண்டும், எங்கள் மெத்தையோ பூட்டிய வீட்டுக்குள். இராஜம் அக்காவின் கதவு திறந்துதான் கிடந்தது. யாரைக் கேட்பது? உள்ளே புகுந்து மெத்தையைச் சுருட்டினேன். அடுத்த வீட்டில் இரண்டு கம்பளி, கொடியில் கிடந்த சாக்கு நாலைந்து. தண்ணீர்ப் பீப்பாய் மேல் ஏறி எல்லாவற்றையும் கூரையில் எறிந்தேன். பிறகு நானும் ஏறினேன். ஆணி அடித்த வரிசையைப் பார்த்துக் கால் வைத்து, அவள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே மெத்தையை விரித்தேன். சுற்றிச் சாக்கு, அதன் மேல் கம்பளி. இன்னும் ஒரு பக்கம் மூடாமல் கிடந்தது. அதில் போட ஒன்றும் இல்லை. அங்கே நானே குப்புறப் படுத்துக்கொண்டேன்.

சத்தம் குறைந்தது. முழுவதும் இல்லை, ஆனால் குறைந்தது. என் முகத்துக்குக் கீழே சுதாவின் குரல் தெளிவாக ஏறி வந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் முழுதாக அனுபவிக்கவும் இல்லை, கீழே அந்த மேடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சிங்களத்தில் கேட்டாள், மேலே யாரோ நடமாடுகிறார்கள், யார் அது என்று.

என் புருஷன், மழைச் சத்தத்துக்காகக் கூரையில் மெத்தை போடுகிறார் என்றாள் சுதா. மேடம் கேட்டாள், நாம் பேசுவது அவருக்குக் கேட்குமா?

கேட்காது என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"கேட்கும்," என்றாள் சுதா.

இதே ஒரு நிஜ நோயாளியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று மேடம் கேட்டாள். நிஜ நோயாளியாக இருந்திருந்தால் நீங்கள் கேட்கும் முன்னால் நானே அந்த நோயாளியிடம் அதைச் சொல்லியிருப்பேன், அவர் சரி என்றால்தான் மேற்கொண்டு பேசியிருப்பேன் என்றாள் இவள். அடுத்து அவள் தமிழில் உரக்கச் சொன்னது எனக்கு.

"இந்தாங்க, காதப் பொத்திக்கங்க. நான் கூப்பிடுற வரைக்கும் எடுக்காதீங்க. அசையாதீங்க."

பொத்திக்கொண்டேன். வேறென்ன செய்வது? இறங்கலாம் என்றால் தகரம் மடமடவென்று சத்தம் போடும். கொட்டுகிற மழையில், அடுத்தவர் மெத்தைக்குப் பக்கத்தில், இரண்டு விரலையும் காதில் விட்டுக்கொண்டு கிடந்தேன். முதுகில் அடிக்கிற மழை மட்டும்தான் தெரிந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. பேச்சு நடக்கிறதா, அந்த மேடம் போய்விட்டாளா, சுதா தனியாக உட்கார்ந்து அழுகிறாளா? விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் தெரிந்துவிடும். யாரும் பார்க்கப் போவதில்லை. அவள் கேட்கும் என்று உண்மையைச் சொன்ன பிறகு நான் களவாகக் கேட்கலாமா? இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டேன். கை மரத்துப் போனது. குவைத்துக்கு அவள் போன முதல் மாசம் ஞாபகம் வந்தது. லோஜினிக்குக் காய்ச்சல், நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தேன். அழுதேன். மழையில் அழுவது வசதிதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வயிற்றுக்குக் கீழே தகரம் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. காதிலிருந்து விரலை எடுத்தேன். உள்ளேயிருந்து சுதா விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன தடவ கூப்பிடுறது? கதவத் திறங்க."

விழுந்தடித்து இறங்கினேன். நனைந்த சாரத்தில் சாவி ஒட்டிக்கொண்டு வரவில்லை. வந்த பிறகு பூட்டுத் துவாரத்தில் போகவில்லை. திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. போச்சு என்றுதான் நினைத்தேன்.

"திங்கக்கிழம காலையில ஒன்பது மணிக்கு லைன்ல இருக்கணுமாம்," என்றாள். "கூரைக்கு ஏதாவது ஒழுங்கா செய்யச் சொன்னாங்க. மெத்த சரிவராதாம்."

என் தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரை அவள் முந்தானையால் துடைத்தாள். ரொம்ப அழுத்தித் துடைத்தாள், வலித்தது.

மழை விட்டபோது பொம்பிளைகள் இறங்கி வந்தார்கள். பால் பெரும்பாலும் தப்பிவிட்டதாம். முன்கூட்டியே போயிருக்காவிட்டால் பாதிகூட மிஞ்சியிருக்காது என்று கன்னையா அண்ணன் சொன்னாராம். இராஜம் அக்கா கூரையைப் பார்த்தாள், தன் மெத்தையை அடையாளம் கண்டாள், என்னை வைதாள். வைதுகொண்டே சுதாவிடம் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றதும் அதே மூச்சில் இன்னும் கொஞ்சம் வைதாள். அன்று ராத்திரி எங்கள் மெத்தை அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பானது.

இரண்டு மணிக்கு லோஜினி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். புத்தகப் பையைக் கழற்றுவதற்குள் நான் பொறுமையில்லாமல் சொன்னேன். அம்மாவுக்கு வீட்டிலேயே வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து காலையில் சத்தம் போடக்கூடாது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப நான் கித்துல்கல பெரியம்மா வீட்டுக்குப் போகத் தேவையில்லையா?"

நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. குவைத்தைப் பற்றியும் சொல்லவில்லை, பெரியம்மா வீட்டில் விடுவது பற்றியும் சொல்லவில்லை. அவள் தூங்கிவிட்டாள் என்று நிச்சயம் செய்துகொண்டுதான் ஒவ்வொரு தடவையும் பேசினோம். இத்தனை நாளும் தெரிந்துகொண்டே தலை பின்னி, சோறு தின்று, பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

சுதா குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, கால் இரண்டும் தரையைத் தொடுகிற மாதிரித் தொங்கின. இறக்கி விடுங்க என்று லோஜினி சிணுங்கினாள். சுதா இறக்கி விடவில்லை.